ப்ளூ ஜாகரும் பட்டம் பெறாத ஆய்வேடும்

பழைய தமிழ்க் குடும்பங்களில் வைரத்தோட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கூடவே ‘ப்ளூ ஜாகர்’ என்ற சொல்லும் வந்துவிடும். மாட்டுப்பெண்ணுக்குப் போட்ட தோடு ப்ளூ ஜாகரா இல்லையா என்பது கல்யாணத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் பேசித் தீராத விஷயமாக இருந்த வீடுகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயர்தான் தேய்ந்து ‘ஜாகர்’ ஆனது. வெயிலில் திருப்பிப் பார்த்தால் நிறமில்லாத கல்லுக்குள் மெல்லிய நீலம் ஓடும். நகைக்கடையில் நீரோட்டம் பார்க்கிற பெரியவர்கள் அதை உயர்ந்த சாதி வைரத்தின் அடையாளம் என்றார்கள். ஒரு வேதியியலாளரைக் கேட்டால், அதில் பெரும்பாலானது கல்லுக்குள் சிக்கிய நைட்ரஜன் என்பார். அதாவது மாசு.

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் கலந்திருக்கிறது. சில வைரங்கள் அதை விழுங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரே தட்டில் பத்துக் கல்லை வைத்தால் ஒன்று பளீரென நீலமாகும், இன்னொன்று பச்சை காட்டும், மற்றொன்று அசையாமல் கறுத்துக் கிடக்கும். ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வியோடு 1940-களின் தொடக்கத்தில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் இரவுகளைக் கழித்த ஆய்வு மாணவி அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்தவர். 1942-க்கும் 1945-க்கும் இடையே வைரத்தின் ஒளிர்வு, மாணிக்கத்தின் ஒளிர்வு பற்றித் தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. இல்லாதவருக்கு அந்தப் பட்டம் தர இயலாது என்று பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது.

அன்னா மணியைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்த மறுப்பை விட்டுவிடுவதில்லை, நானும் விடப்போவதில்லை. ஆனால் அந்த ஆய்வேட்டுக்குள் என்ன இருந்தது என்ற பக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. அதைத் திறந்தால் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய ஒரு வழக்கு கண்ணில் படும். ஒரு பொருள் ஒளிர்ந்தால், அந்த ஒளி பொருளுக்கே சொந்தமா, இல்லை அதில் கலந்த அழுக்கினுடையதா? வழக்கைச் சுமந்தவர்களில் மூன்று பேர் இன்றைய கேரளத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலக்காடு, இடுக்கிப் பக்கங்களில் பிறந்தவர்கள். கல்பாத்தி, கொல்லங்கோடு, பீர்மேடு.

முதலில் கல்பாத்தி. பாலக்காட்டில் ஆற்றங்கரையை ஒட்டிய தமிழ் அக்கிரகாரம், ஐப்பசித் தேருக்குப் பெயர் போன ஊர். கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் 1893-இல் அங்கே பிறந்தார். பிறந்த தேதி பிப்ரவரி 28. பின்னாளில் ராமன் விளைவின் நினைவாகத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படும் தேதியும் அதுவே. இது வெறும் தற்செயல். ஆனால் அந்த விளைவின் வாசற்படி வரை போய் நின்ற மனிதருக்கு வாய்த்த தற்செயல் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1920-களின் தொடக்கத்தில் ராமநாதன் கல்கத்தாவில், பௌபஜார் தெருவிலிருந்த ராமனின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். திரவங்களில் ஒளி சிதறுவதை அளப்பது வேலை. சூரிய ஒளியை ஒரு நிற வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பிவிட்டு, சிதறிவரும் ஒளியை அதற்கு எதிர்நிற வடிகட்டி வழியாகப் பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தது. மிக மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல், ஒரு ஒளி மிச்சமிருந்தது. திரவத்தில் ஏதோ அழுக்கு இருந்து அது ஒளிர்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சுத்தப்படுத்தச் சொன்னார் ராமன். வெற்றிடத்தில், மெதுவாக, மறுபடி மறுபடி வாலை வடித்தார் ராமநாதன். இயற்பியல் ஆய்வகம் என்று பெயர், ஆனால் அங்கே நடந்தது முழுக்க வேதியியல் கூடத்து வேலை. எத்தனை முறை வடித்தும் அந்த மங்கல் ஒளி போகவில்லை.

1923-இல் அதை ‘பலவீனமான ஒளிர்வு’ என்று குறித்துவைத்தார்கள். அழுக்கின் ஒளி என்றால் சுத்தம் செய்யச் செய்யக் குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை என்ற உறுத்தல் ராமனிடம் தங்கிவிட்டது. பின்பு வத்திராயிருப்புப் பக்கத்துக் கே.எஸ். கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதே ஒளியைக் கண்டார். 1928 பிப்ரவரியில் தெளிவு பிறந்தது: அந்த ஒளி மூலக்கூறுகளுக்கே உரியது, சிதறும்போது அவற்றோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கியதால் நிறம் மாறிய ஒளி. நோபல் பரிசு 1930-இல் வந்தது. ராமநாதன் அதற்குள் 1925-இலேயே வானிலை ஆய்வுத் துறைக்குப் போய்விட்டிருந்தார். கல்கத்தா ஆய்வுக்காக அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது எது தெரியுமா? அதே சென்னைப் பல்கலைக்கழகம்.

ஆக, ராமனின் அறிவியல் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி, ‘இது மாசு அல்ல’ என்ற பிடிவாதத்தில் கிடைத்தது. ஒருமுறை அப்படி ஜெயித்தவருக்கு அடுத்த முறையும் அதே பிடிவாதம் வருவது இயல்பு. வைரத்தில் வந்தது.

*

கொல்லங்கோட்டுக்காரரைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பி.ஆர். பிஷாரடி 1909-இல் பிறந்தவர். அன்று பாலக்காடு, கொல்லங்கோடு எல்லாம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். படிக்கப் போகிற திசை கிழக்கு என்பது அங்கே எழுதாத விதி. பிஷாரடியும் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்து, லயோலா கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். கோடை விடுமுறை விட்டதும் பெங்களூருக்கு ரயிலேறி ராமனிடம் போய்விடுவார். வைரத்தில் எக்ஸ் கதிர் எப்படிப் பிரதிபலிக்கிறது என்பதில் அவருடைய ஆய்வு. கல்லூரி ஆசிரியர்களின் கோடை விடுமுறையில் முளைத்த ஆய்வு அந்தக் காலத்து இந்திய அறிவியலில் கணிசமானது. விடுமுறை முடிந்ததும் எக்ஸ் கதிர்க் குழாயை அணைத்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும். 1942-இல் அவரும் வானிலைத் துறைக்குப் போனார். முனைவர் பட்டம் வாங்கியது 1954-இல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், வானிலையியலின் பெரும்புள்ளி யாகோப் பியர்க்னெஸிடம். வயது 45.

பீர்மேடு வேறு உலகம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மலை விளிம்பு, தேயிலையும் ஏலமும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி ஏறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் யாருக்கு என்று பெரிய போராட்டம் நடந்து கடைசியில் கேரளத்தோடு நின்றது தமிழ் வாசகருக்குத் தெரியும். அன்னா மணி 1918 ஆகஸ்ட் 23-இல் அங்கே பிறந்தபோது எல்லைக்கோடு இன்னும் பெரிய விவகாரம் ஆகியிருக்கவில்லை. அப்பா சிவில் என்ஜினீயர், ஏலத்தோட்டக்காரர். எட்டுக் குழந்தைகளில் அன்னா ஏழாவது. வைக்கம் போராட்டத்தின் நாட்களில் காந்தி அந்தப் பக்கம் வந்துபோனது சிறுமியின் மனத்தில் ஆழமாக இறங்கியது. பிற்பாடு கதர் உடுத்தத் தொடங்கினார்.

எட்டாவது பிறந்தநாளுக்குக் குடும்ப வழக்கப்படி வைரத்தோடு தந்தபோது அதை மறுத்து, என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது அவரைப் பற்றி எழுதுகிற அனைவரும் சொல்லும் கதை. நகை வேண்டாம் புத்தகம் போதும் என்ற நீதியோடு அதை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. வேண்டாம் என்று தள்ளிய கல்லைப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்க் கையிலெடுத்தார் அவர். அழகு பார்க்க அல்ல.

1939-இல் சென்னையில் இயற்பியலும் வேதியியலும் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1940-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அந்த உதவித்தொகைக்கான தகுதி அவருடைய ஆனர்ஸ் பட்டம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராமனிடம் அப்போது இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த சுமார் 300 வைரங்கள் இருந்தன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட கற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் என்ன நிறத்தை விழுங்குகிறது, என்ன நிறத்தைக் கக்குகிறது, வெப்பநிலை மாறினால் என்ன ஆகிறது என்று அளப்பது அன்னா மணியின் வேலை. சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு, கல்லைத் திரவக் காற்றில் ஊறவைத்தது போலக் குளிர்வித்து வைத்திருக்க வேண்டும். அறை வெப்பத்தில் நிறமாலையின் கோடுகள் கலங்கி அகன்றுவிடும், குளிரில்தான் அவை கூர்மையாகும். கசிகிற ஒளியோ மிகச் சொற்பம். அது ஒளிப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் கல் அசையக் கூடாது, குளிர் குறையக் கூடாது, இருட்டு கலையக் கூடாது. ஒரு தகடு பாழானால் ஒரு ராத்திரி பாழ். இன்று ஒரு மாணவர் மின்னணு உணர்கருவியில் சில நொடிகளில் வாங்கிவிடுகிற படம் அது.

நீலமாக ஒளிரும் கற்கள் எல்லாவற்றிலும் ஊதாவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், சுமார் 4152 ஆங்ஸ்ட்ராமில், ஒரு கூர்மையான கோடு. இன்றைய கணக்கில் 415.2 நானோமீட்டர். பச்சையாக ஒளிர்பவற்றுக்கு 5032-இல் இன்னொன்று. இந்தக் கோடுகளை முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். அன்னா மணியின் பங்கு, கல்லுக்குக் கல் ஒப்பிட்டு, கோட்டின் இரு பக்கத்தையும் விரித்துக்காட்டியது. ஒளியை விழுங்கும்போது கோட்டின் ஒரு பக்கம் எழும் மேடுகளும், ஒளியைக் கக்கும்போது மறுபக்கம் எழும் மேடுகளும் கண்ணாடியில் பார்த்த முகம்போல் ஒன்றுக்கொன்று பொருந்தின. 1944-இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை இதுதான். பிற்காலத்து வைர ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியதும் இதைத்தான்.

சரி, அந்தக் கோடு எதனுடையது? ராமன் சொன்னார்: வைரத்தினுடையது. கார்பன் அணுக்கள் அடுக்கப்படும் முறையிலேயே வெவ்வேறு சமச்சீர் வகைகள் உண்டு, நீலமாக ஒளிர்வது ஒரு வகை, ஒளிராதது இன்னொரு வகை. அழுக்குக்கு இதில் இடமில்லை. வாலை வடித்து வடித்தும் போகாத ஒளியைக் கண்டவர் அல்லவா. இந்த முறை அவர் தவறினார். 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கைசர், பாண்ட் என்ற இருவர், சாதாரண வைரங்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருப்பதையும், கல்லுக்குக் கல் மாறும் குணங்கள் அதன் அளவோடு ஒட்டிப்போவதையும் காட்டினார்கள். உச்ச அளவிலும் அது ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கைத் தாண்டாது. ஆனால் அது போதும். 415.2-இல் எழும் கோடு, படிகத்தில் ஒரு கார்பன் அணு இல்லாமல் போன வெற்றிடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் கூடி நிற்பதால் வருவது என்பது பின்னர் உறுதியானது. 5032-இல் வரும் பச்சைக்காரர் அதே குடும்பம். வெற்றிடத்தின் இருபுறமும் இரண்டு நைட்ரஜன்.

குருவின் விளக்கம் விழுந்தது, மாணவியின் அளவீடு நின்றது. பட்டப்படிப்பு ஆய்வு என்பதைப் பற்றி யோசிக்கும்போது இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோட்பாடு பெரியவருடையது, அது ஜெயித்தால் அவர் பெயரில் ஜெயிக்கும். தகட்டில் விழுந்த கோடு எவர் கோட்பாட்டுக்கும் கட்டுப்பட்டதல்ல.

இந்த விடை ஏன் 1944-இலேயே பெங்களூரில் கிடைக்கவில்லை என்றும் கேட்கத் தோன்றுகிறது. அறிவியல் கழகம் 1911-இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே வேதியியல் அதன் மூலத் துறைகளில் ஒன்று. முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ், ராம்சேயோடு சேர்ந்து நியான், கிரிப்டான் வாயுக்களைக் கண்டவர். இயற்பியல் துறை ராமனோடு 1933-இல்தான் வந்தது. பகுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதே வளாகத்தில் இருந்தார்கள். ஆனால் வைரத்தின் உட்சரக்கைப் பகுத்தறிய வேண்டுமென்றால் வைரத்தைப் பலி கொடுக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் லவாய்சியே வைரத்தை எரித்துத்தான் அதன் வேதியியலை ஆராய்ந்தார். தானே ஆசையாய்ச் சேர்த்த கற்களை எரிக்க யார் கொடுப்பார்?

மாணிக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அன்னா மணியின் இன்னொரு ஆய்வுப்பொருள் அது. மாணிக்கம் என்பது குருந்தக் கல். நம் ‘குருந்தம்’தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘கொரண்டம்’ ஆனது. சுத்தமான குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு, நிறமற்றது. சிறு துளி குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகும், புற ஊதாவில் தணல் போலச் சிவப்பாக ஒளிரும். இங்கே ஒளி மாசினுடையது என்பதில் அன்றும் யாருக்கும் சந்தேகமில்லை. குரோமியத்தின் அந்தச் சிவப்புக் கோடுகளில் ஒன்றை, 694.3 நானோமீட்டரில், 1960 மே மாதம் தியடோர் மைமன் கலிஃபோர்னியாவில் பெருக்கிக் காட்டியபோது உலகின் முதல் லேசர் பிறந்தது. அந்தக் கோடுகளை இந்தியாவில் உட்கார்ந்து அலசிய இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் கட்டுரை அதற்கு 18 ஆண்டுகள் மூத்தது. லேசரை அவர் கண்டுபிடித்திருப்பார் என்று இதற்குப் பொருள் இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படியும் சுற்றும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

ஒரு சிட்டிகைப் பொருள் மொத்தத்தின் குணத்தையே மாற்றும் என்பது உலோகத் தொழிலாளிக்குப் புதுச் செய்தி அல்ல. இரும்பில் கொஞ்சம் கரி ஏறினால் உருக்கு. இதை இங்கே சொல்ல இடமும் காரணமாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்தால் நொய்யல் கரையில் கொடுமணல். அகழாய்வில் அங்கே இரும்பும் உருக்கும் ஆக்கிய உலைகளும், நீலக்கல், பளிங்குக் கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளும் ஒரே ஊரில் கிடைத்தன. முசிறியிலிருந்து கருவூருக்கு நடந்த வணிகப் பெருவழியில் இருந்த ஊர் அது. மதுரையின் மணிக்கடை வீதியில் வைரத்தின் குற்றங்களை வகைபிரித்துச் சொல்கிறது சிலப்பதிகாரம். கல்லின் குற்றத்தைக் கணக்கிடும் கலை இந்த நிலத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழையது; குற்றத்தின் வேதிப்பெயர்தான் தாமதமாகத் தெரிந்தது. அறிவியல் கழகத்தில் உலோகவியலுக்கெனத் தனித்துறை தொடங்கியது 1945-இல். அன்னா மணி மூட்டை கட்டிய அதே ஆண்டு.

*

இனி அந்த மறுப்பு.

அன்றைய இந்திய அறிவியல் கழகத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடையாது. அதன் ஆய்வு மாணவர்கள் அங்கே வேலை செய்துவிட்டு, ஆய்வேட்டைச் சென்னை, பம்பாய் போன்ற பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பி அங்கிருந்து பட்டம் வாங்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி அந்த அதிகாரம் கைக்கு வந்தது 1958-இல். ஆய்வு நடக்கிற இடம் ஒன்று, முத்திரை குத்துகிற இடம் மற்றொன்று. ஐந்து ஆண்டு இரவுகளைப் பார்த்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். விதிப் புத்தகம் சேப்பாக்கத்தில் இருந்தது.

விதி விதிதானே என்று வாதிடலாம். எம்.எஸ்ஸி. இல்லாமல் முனைவர் பட்டம் இல்லை என்று எழுதியிருந்தால் எழுத்தர் என்ன செய்வார்? ஆனால் எந்த ஆனர்ஸ் பட்டத்தின் பேரில் அவர் ஆய்வில் சேர்க்கப்பட்டாரோ, அது ஐந்தாண்டு ஆய்வு முடிந்த பிறகு திடீரென்று போதாததாகிவிட்டது. விதி உண்மையிலேயே அப்படி இருந்தால் சேரும் அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும். வாசலில் விட்டுவிட்டுப் பந்தியில் எழுப்பியது போலாயிற்று.

அது பெண் என்பதனால் மட்டும்தானா? ஒரே காரணம் என்று என்னால் அறுதியிட முடியவில்லை. சுற்றியிருந்ததைப் பார்க்கத்தான் முடியும். 1933-இல் கமலா பாக்வத் என்ற வேதியியல் பட்டதாரி இதே கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதால் இயக்குநர் ராமன் முதலில் மறுத்தார். பிடிவாதமாக நின்ற பிறகே நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். அவர் பின்னால் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற கமலா சொஹோனி. அன்னா மணியின் காலத்தில் ராமன் ஆய்வகத்திலிருந்த இன்னொரு பெண் சுனந்தா பாய், ஒளிச்சிதறல் பற்றித் தனியாகப் பல கட்டுரைகள் எழுதியவர். அவருக்கும் பட்டம் கிடைக்கவில்லை. ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதை ராமன் விரும்பவில்லை. ஆய்வகத்தில் பாதி அறிவு வளர்வது மேசையோரப் பேச்சில், எதிராளியின் தகட்டை வாங்கிப் பார்ப்பதில், அதெல்லாம் இப்படி நடக்காது என்று ஒருவரையொருவர் மடக்குவதில். அது இந்த இருவருக்கும் அடைபட்டிருந்தது. அதே ஆய்வகத்தில், அதே வைரத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரன் 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பெற்றார். பின்னாளில் புரதங்களின் வடிவம் பற்றிய ஆய்வால் உலகப் பெயர் பெற்றவர், பட்டத்துக்கு முழுத் தகுதி உள்ளவர். அதில் கருத்து வேறுபாடு இல்லை. கல்கத்தாவில் 1944-இலேயே அசிமா சாட்டர்ஜி வேதியியலில் டி.எஸ்ஸி. வாங்கியிருந்தார். ஆக, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றால் ஒரு பெண்ணுக்கு அறிவியலின் உச்சப் பட்டத்தைத் தர முடிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு இன்னொன்றால் முடியவில்லை.

அன்னா மணி இதைப் பற்றிக் கசந்து பேசியதில்லை. பட்டம் இல்லாதது தன் வாழ்க்கையில் எதையும் மாற்றிவிடவில்லை என்பதே முதுமையிலும் அவர் நிலைப்பாடு. ராமனின் ஆய்வகப் பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஆபா சூர் அவரைச் சந்தித்தபோதும் அவர் தன்னைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டிக்கொள்ள மறுத்தார். அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அவருடைய பெருந்தன்மையைப் பல்கலைக்கழகத்தின் வரவில் வைக்கக் கூடாது.

*

1945-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போக அரசு உதவித்தொகை கிடைத்தது. இயற்பியல் படிக்க நினைத்திருந்தார். காலியாக இருந்த இடமோ வானிலைக் கருவியியலில். அதை எடுத்துக்கொண்டார். இயற்பியல் ஆய்வு முடித்தவருக்கு அன்று வேலை தரப் பெரும்பாலும் இருந்தவை கல்லூரியும் வானிலைத் துறையும்தான். ராமநாதனும் பிஷாரடியும் போன வழியும் அதுவே. வைரத்தின் மங்கல் ஒளியை அளந்த கை, ஒரு ஆற்றுப்படுகையின் மழையை அளக்கிற கருவிக்குப் போவது இறக்கம் என்று தோன்றலாம். 1948-இல் திரும்பி வந்து புனேயில் சேர்ந்தபோது நாட்டில் எளிய வானிலைக் கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. சுமார் 100 வகைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, தரப்படுத்தி, உள்நாட்டிலேயே செய்ய வைத்தார்கள். 1953-இல் அந்தப் பிரிவுக்கு அவர் தலைவர். கீழே 121 ஆண்கள். தவறான அளவீட்டைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை. இருபது மணி நேரத் தகடுகளோடு வாழ்ந்தவருக்கு அந்தக் கொள்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

மூவரின் பாதைகளும் பிற்பாடு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போயின. கல்பாத்தி ராமநாதன், பூமியின் மீதுள்ள மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேலே இல்லை, நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் வளையமாக இருக்கிறது என்று 1929-இல் காட்டியிருந்தார். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகி ஓசோன் ஆய்வை வளர்த்தார். ஓசோனை மேலே அனுப்பி அளக்கும் இந்தியக் கருவியை 1960-களில் உருவாக்கியவர் அன்னா மணி. கொல்லங்கோடு பிஷாரடி 1962-இல் புனேயில் தொடங்கிய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர். பின்னாளில் கேரளத்துத் தென்னைகளின் வாடல் நோயை வானிலிருந்து அகச்சிவப்புப் படமெடுத்துக் கண்டறியும் சோதனையை நடத்தி, இந்தியாவில் தொலையுணர்வுக்கு அடிக்கல் போட்டார். அதே நிறுவனத்தின் பெங்களூர்க் களப்பிரிவிலிருந்துதான், 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்ற அன்னா மணி நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை நடத்தினார். வெயில் பற்றி 1980-இல் அவர் தொகுத்த கையேடு சூரிய ஆற்றல் பொறியாளர்களின் மேசைப் புத்தகமானது. கேரளத்தில் காற்றாலைகள் முதலில் எழுந்த இடங்களில் ஒன்று பாலக்காட்டுக் கணவாயின் கஞ்சிக்கோடு. பிறகு இடுக்கியின் ராமக்கல்மேடு. இரண்டும் தமிழ்நாட்டு எல்லையில், மலை சற்று வழிவிடுகிற இடங்கள்.

1987-இல் இந்திய தேசிய அறிவியல் அகாதமி அன்னா மணிக்குக் கொடுத்த பதக்கத்தின் பெயர் கே.ஆர். ராமநாதன் பதக்கம். 2001 ஆகஸ்ட் 16-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் பெறாத ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில், பட்டம் பெற்றவற்றோடு சேர்த்துக் கட்டடம் செய்யப்பட்டு இருக்கிறது.

415.2 கோட்டுக்கு இப்போது வேறு வேலை. ஆய்வுக்கூடத்தில் சில வாரங்களில் வளர்த்தெடுக்கும் செயற்கை வைரம் சந்தைக்கு வந்த பிறகு, கண்ணால் பார்த்து எது மண்ணில் விளைந்தது என்று சொல்ல முடியாமல் போயிற்று. மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சுற்றிக் கூட வேண்டுமானால் பூமியின் ஆழத்துச் சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்க வேண்டும். ஆய்வுக்கூட வைரத்துக்கு அந்தக் காலம் வாய்ப்பதில்லை. எனவே வைர நிறுவனங்கள் பயன்படுத்தும் சோதனைக் கருவி ஒன்று, கல்லை வைத்ததும் முதலில் அந்தக் கோட்டைத் தேடுகிறது. கோடு இருந்தால் தேர்ச்சி என்று காட்டும். இல்லையென்றால் மேல் சோதனைக்கு அனுப்பச் சொல்லும். சில நொடிகளில் வேலை முடிந்து, கல் சான்றிதழுக்குப் போகிறது.